தனி வாசல்

தென்காசிக்காரர்களுக்கு மலையைப் பார்த்து மழை சொல்லும் பைத்தியம் உண்டு. காலையில் பல் துலக்கும்போதே ஆண்கள் எல்லாரும் மேற்கே பார்த்து நிற்பார்கள். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அதனால் அவருக்கு இந்தப் பைத்தியம் கொஞ்சம் கூடுதல். யுத்தத்துக்கு நாலைந்து வருஷம் முந்தி, ஒரு வைகாசிக் கடைசியில், வாயில் வேப்பங்குச்சியோடு முற்றத்தில் நின்று மலையை அளந்துவிட்டு, "சாரலுக்கு இன்னும் இருவது நாள் கெடக்கு. ஓட்டப் பிரிக்கச் சொல்லிரு" என்றார்.

குற்றாலத்துக்கு மூன்று மைலில் குடியிருந்துகொண்டு, சாரலை வாசலில் வைத்துக்கொண்டு கூரையைப் பிரிக்கிற புத்தி எங்களைத் தவிர யாருக்கும் வராது. நானும்தான் தலையை ஆட்டினேன். அவசரம் என்னுடையது.

என்னைப் பெற்ற அய்யா கீழப்பாவூரில் தனியாக இருந்தார். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் ஒரே பெண். வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தானே உலை வைத்துப் பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மாசியில் கஞ்சி வடிக்கும்போது பானை நழுவி, இடது கை முழங்கை வரைக்கும் வெந்துபோயிற்று. அதை எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. பாவூர்சத்திரம் சந்தைக்கு வந்த ஒருத்தி சொல்லித்தான் தெரியும். நான் அன்று அழுததைப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரரே போய் "எங்க கூட வந்து இருங்க மாமா" என்று கூப்பிட்டார்.

அய்யா லேசில் அசைகிற ஆள் இல்லை. எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்ணுக்கு ஒரு பிள்ளை பிறக்கிற வரை, பெற்றவர்கள் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம், பிள்ளை இல்லை. மற்ற வீடுகளில் இரண்டு மூன்று வருஷம் பார்த்துவிட்டு யாராவது பேசிச் சரிக்கட்டிவிடுவார்கள். அய்யாவுக்கு வழக்கம் என்றால் வழக்கம். என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் துண்டில் அவலும் கருப்பட்டியும் முடிந்துகொண்டு வருவார். என் கையால் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடிப்பார். அவர் முற்றத்தில் உட்கார்ந்து அவல் மெல்லுகிற சத்தம் அடுக்களைக்குக் கேட்கும். பிள்ளை இல்லையே என்பதுகூட எனக்கு நாளடைவில் பழகிப்போயிற்று. அந்தச் சத்தம் பழகவே இல்லை.

மாப்பிள்ளை நேரில் வந்து கூப்பிட்டதில் கொஞ்சம் இறங்கி வந்தார். நிபந்தனையோடுதான்.

"தனி வாசல் வேணும், தனி அடுப்பு வேணும். ஒங்க வீட்டுக்குள்ள கால் வைக்காம, தெருவுல இருந்து நேரா எம் அறைக்கு வரணும். ஆனிக்குள்ள முடிச்சிட்டியன்னா வாரேன். ஆடி பொறந்துட்டுன்னா குடி வரப்படாது. அதுக்குப் பொறவு இந்தப் பேச்சை எடுக்காதிய."

ஆடி தள்ளினால் ஆவணியில் ஒரு சாக்கு, புரட்டாசியில் ஒரு சாக்கு என்று அவர் அங்கேயே இருந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த அவசரம். நெல் போட்டு வைத்திருந்த தெற்கு அறையைக் காலி செய்தோம். ஓட்டைப் பிரித்துவிட்டு மேலே தட்டட்டி என்கிற சுண்ணாம்புத் தளம் போட வேண்டும். தெருப்பக்கத்துச் சுவரை இடித்து வாசல் வைக்க வேண்டும். கொத்தனார் உள்ளூர்க்காரர். வாசலுக்கு நிலையும் கதவும் செய்து தர இலத்தூர் ஆசாரி ஒருவர் ஒத்துக்கொண்டார். ஒரே மாதம் என்று இரண்டு பேரும் அடித்துச் சொன்னார்கள்.

ஓட்டைப் பிரித்து, சுவரை இடித்த நாலாம் நாள் சாரல் வந்துவிட்டது. வீட்டுக்காரர் மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். அன்று வேலைக்கு ஒருவரும் வரவில்லை. கொத்தனார் வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். "குத்தாலத்துல தண்ணி விழுந்துட்டு. குளிக்கப் போயிருக்காவ" என்று பதில் வந்தது. மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாள் நானே போய் நின்றேன். கொத்தனார் பெண்சாதி, இதில் ஏச என்ன இருக்கிறது என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

இதற்கு நடுவே திருநெல்வேலியிலிருந்து என் கொழுந்தன்மார், வகையறாக்கள் என்று ஏழு பேர், எண்ணெய்ப் புட்டியும் சீயக்காயுமாக வந்து இறங்கினார்கள். தென்காசியில் வீடு இருந்தால் சீசனுக்கு உறவு கூடும். கூப்பிட வேண்டியதில்லை. இளைய கொழுந்தன் தெற்கு அறைக்குள் தலையை நீட்டி, அண்ணாந்து ஆகாயத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல காத்தோட்டமா இருக்கே மதினி" என்றான். அவனுக்கு அன்று இரண்டாம் தடவை குழம்பு ஊற்றவில்லை.

அந்த வாரத்தில்தான் அய்யா வேலை எவ்வளவு தூரம் ஆகியிருக்கிறது என்று பார்க்க ரயிலேறி வந்தார். தனக்கென்று கட்டுகிற அறையின் நடுவில் போய் நின்றார். வழுக்கைத் தலையில் சாரல் பொடிப்பொடியாக விழுந்தது. மூலையில் செங்கல் நனைந்துகொண்டிருந்தது. இடித்த சுவர் வழியாகத் தெருவில் போன ஆடு ஒன்று உள்ளே வந்து அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

"ஏட்டி, எனக்கு அறை கட்டுதியளா, அருவி கட்டுதியளா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கொத்தனார் குற்றாலத்தில் இருக்கிற கதையைச் சொன்னேன். அய்யாவுக்கு மூக்கு விடைத்தது. "வண்டியப் பூட்டச் சொல்லு. அந்த மனுசனக் கையோட கூட்டிட்டு வருவோம்."

விருந்தாளிகள் எப்படியும் குளிக்கப் போகிறவர்கள். இரண்டு வண்டி பூட்டினோம். புளிச்சோறு கிண்டி, காணம், அதுதான் கொள்ளு, வறுத்துத் துவையல் அரைத்து, பெரிய தூக்கில் எடுத்துக்கொண்டேன். வழி நெடுக அய்யா கொத்தனாரை என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். நானும் என் பங்குக்கு எடுத்துக் கொடுத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கோபம். அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

பேரருவிக்குப் பக்கத்தில் ஒரு பாறைமேல் கொத்தனார் தலைமுதல் கால்வரை எண்ணெய் மினுமினுக்கக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அய்யா முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினார். கொத்தனார் ஒரு கண்ணைத் திறந்தார்.

"வாங்க அண்ணாச்சி. எண்ணெய் தேய்ச்சி இருக்கவன ஏசப்படாது. குளிச்சிட்டு வந்திருதேன். நீங்களும் குளிங்க. பொறவு ஏசுங்க, கேட்டுக்கிடுதேன்."

அய்யா வாயைத் திறந்தார். அருவி இரைச்சலில் அவர் சொன்னது அவருக்கே கேட்டிருக்காது. கொத்தனார் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், சட்டென்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் பெண்கள் பக்கம் போய் அருவிக்குள் தலையைக் கொடுத்தேன். முதுகில் தண்ணீர் பொத்துப்பொத்தென்று விழுந்தது. ஆசாரி, கொத்தனார், ஓடு, ஆடி மாதம் எல்லாம் ஒவ்வொன்றாக எங்கேயோ போயிற்று. வீட்டுக்குக் கூரை இல்லாத ஒருத்தி அவ்வளவு சந்தோஷமாக இருக்கலாமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் வெளியே வர மனசில்லை.

குற்றாலத்தில் குளித்தால் பசி எப்படி எடுக்கும் என்று குளித்தவர்களுக்குத் தெரியும். திரும்பி வந்தபோது அய்யாவும் கொத்தனாரும் ஈரத்துண்டோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் எல்லாருக்கும் இலையில் புளிச்சோறு வைத்தேன். அய்யாவுக்கு முன்னால் மட்டும் என் கை நின்றது. அவல் முடிச்சு வண்டியில் கிடந்தது.

அய்யா மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இங்கன வைய்யி. இது ஒங்க வீடா என்ன? மலைதான."

வைத்தேன். மூன்று தடவை வாங்கினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, துவையலில் காரம் அதிகம், கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன்.

நாளைக்கு வருகிறேன் என்று இலையில் இருந்தபடியே சொன்ன கொத்தனார், சொன்னபடி மறுநாள் ஆட்களோடு வந்துவிட்டார். ஆனால் அய்யாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "நான் போனா திரும்பவும் எண்ணெயத் தேய்ச்சிக்கிட்டு உக்காந்திருவான். ரெண்டு நாள் இருந்து பாக்கேன்" என்று திண்ணையில் தங்கினார். தட்டட்டி வேலை அவசரப்பட்டால் நடக்காது. செங்கலை அடுக்கி, மேலே செங்கல் பொடியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் தட்டித் தட்டி இறுக்க வேண்டும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீரைத் தெளித்துக்கொண்டே தட்ட வேண்டும். சாரல் தெளித்தால் தண்ணீரின் வீரியம் போய்விடும். ஓலையைப் போட்டு மூடி, ஓலையை எடுத்து, தட்டி, திரும்பவும் மூடி என்று ஒரு நாள் வேலை நாலு நாள் ஆயிற்று.

அய்யா தண்ணீர் தெளிக்கிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். தெளிப்பதற்கு முன்னால் ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைப்பார். முகம் கோணிப்போகும். "கருப்பட்டி பத்தாது" என்பார். கொத்தனார் தலையில் அடித்துக்கொள்வார். தட்டுகிற பெண்கள் அவரை வைத்துப் பாட்டே கட்டிவிட்டார்கள்.

வேலைக்காரர்களுக்கு மத்தியானம் கஞ்சி ஊற்றுவது நான். முதல் நாள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். கடைசியில் அய்யாவும் உட்கார்ந்தார். நான் தயங்கியதைப் பார்த்துக் கொத்தனார்தான் சொன்னார்: "ஊத்துங்க வாத்தியாரம்மா. சோலி பாக்கவனுக்கு ஊத்துத கஞ்சி கூலியில சேர்த்தி. அது விருந்தா?"

அய்யா தன் கஞ்சிக் கும்பாவை நகர்த்தி வைத்தார். அன்றிலிருந்து தினம் ஊற்றினேன்; ராத்திரிக்கும் அந்தக் கஞ்சியிலேயே மிச்சம் எடுத்து வைத்தேன். அவர் கும்பாவில் மட்டும் அடிக்கஞ்சியில் பருக்கை கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கொத்தனார் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார். நல்ல மனுஷன்.

ஆனி முடிய இரண்டு நாள் இருக்கும்போது தட்டட்டி பாதி, சுவரில் வாசல் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை, அதன்மேல் ஒரு ஓலைத்தட்டி. ஆசாரியைக் காணோம். இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது. அவர் வாரம் ஒரு தடவை வருவார். குச்சியால் ஓட்டையை மேலும் கீழும் அளப்பார். காப்பி குடிப்பார். மரம் காயணும் என்பார், மச்சினன் வீட்டில் காதுகுத்து என்பார், நிலை இழைக்க நல்ல நாள் இல்லை என்பார். போய்விடுவார். ஆடி முடிவதற்குள் அந்த ஓட்டையை அவர் எட்டுத் தடவை அளந்ததை நான் எண்ணியிருக்கிறேன். எட்டாம் தடவை அவரை நான் ஏசியது அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும்.

ஆனி கடைசி நாள் சாயங்காலம் அய்யா துண்டை உதறி மடித்தார். கிளம்பிவிடுவார் என்றே நினைத்தேன்.

"நாளைக்கு ஆடி அய்யா" என்றேன்.

"ஆடின்னா என்னட்டி? குடி வரத்தான் படாது. நான் எங்க குடி வந்தேன்? சோலிக்கு வந்திருக்கேன்." மடித்த துண்டைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார்.

ஆடி முழுக்க அப்படியே போயிற்று. தெருப்பக்க ஓட்டையில் கல்லும் மண்ணும் குவிந்து கிடந்ததால் அவர் என் வீட்டு நடை வழியாகத்தான் போய் வந்தார். ஆவணி பிறந்ததும் எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. தட்டட்டி முடிந்து உலர்ந்துவிட்டது. வேலை முடிந்தால் கஞ்சியும் முடிந்துவிடும். தனி வாசல், தனி அடுப்பு, அவல் மெல்லுகிற சத்தம். ஒன்பதாம் தடவை அளக்க வந்த ஆசாரிக்குக் காப்பியோடு இரண்டு பணியாரமும் வைத்து, "அவசரமில்ல அண்ணாச்சி, பையச் செய்யுங்க" என்றேன். மிரண்டுபோனார். என் வாய்க்கு அது ரொம்பப் புதுசு. பயத்திலேயே அந்த வாரம் நிலையை முடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

நிலையைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். நல்ல தேக்கு. கொத்தனார் சாந்து குழைத்துத் தயாராக நின்றார். அய்யா நிலையைத் தடவிப் பார்த்தார். ஓட்டை வழியாகத் தெருவைப் பார்த்தார். திரும்பி, நடை வழியாக என் அடுக்களை தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது. நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

"கொத்தனாரே, இந்த ஓட்டைய அடைச்சிரும்."

"வாசல் வேண்டாமா அண்ணாச்சி?"

"வேண்டாம். இந்தப் பக்கம் சாரல் அடிக்கும்."

"சாரல் மேக்க இருந்துல்லா மாமா, தெரு கெழக்க..." என்று என் வீட்டுக்காரர் கணக்கைத் தொடங்கினார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். அவர் வாழ்நாளில் பாதியில் விட்ட கணக்கு அது ஒன்றுதான்.

ஆசாரி மட்டும் விடவில்லை. "ஒம்பது மட்டம் அளந்து செஞ்ச நிலையாச்சே. மரத்த என்ன செய்ய?"

அய்யா யோசித்தார். "அறுத்து ஒரு பலகை பண்ணித் தாரும். உக்காந்து சாப்பிடுததுக்கு."

"எங்கன போடுத பலகை? அளவு பாக்கணுமே."

அய்யா என்னைப் பார்க்காமல் அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினார்.

மூன்று மாதம் இழுத்தடித்த அந்த மனுஷன் பலகையை மறுநாள் மத்தியானத்துக்குள் கொண்டுவந்து போட்டுவிட்டார். அய்யா அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் இலை போட்டுச் சோறும் குழம்பும் வைத்தேன். இலையையே பார்த்தார்.

"கஞ்சி இல்லையாட்டி?"

"சோலி முடிஞ்சிட்டுல்லா அய்யா. இனிமே சோறுதான்."

அய்யா இலையை நேராக இழுத்து வைத்தார். பிறகு செம்பை எடுத்து, இலையைச் சுற்றித் தண்ணீர் தெளித்து, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக என் வீட்டில் கை நனைத்தார்.