சிங்கவால் குரங்கும் ஒரு தூக்குவாளி பலாச்சுளையும்

சரோஜினி நகர் சந்தையில் மகளுக்குச் சட்டை தேடிப் போன இடத்தில், ஒரு பழவண்டியிலிருந்து பலாப்பழ வாசம் வந்தது. தில்லிக்காரர்கள் பலாவைக் காயிலேயே சப்ஜியாக்கி முடித்துவிடுவார்கள். பழுக்க விடுவது அபூர்வம். அந்த வாசத்துக்கு எனக்குக் கண்ணீர் வந்திருக்க வேண்டும். தும்மல்தான் வந்தது.

அப்பா வால்பாறைக்காரர். மத்திய அரசு வேலை அவரை இங்கே கொண்டுவந்து போட்டது. என் சின்ன வயதில் ஞாயிறுதோறும் என்னை மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப் போவார். புலியை ஏறிட்டும் பார்க்க மாட்டார். நேரே சிங்கவால் குரங்கின் கூண்டுக்குத்தான். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத, அங்கேயும் அருகிவரும் குரங்கு. கரிய முகத்தைச் சுற்றி நரைத்த பிடரியுடன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் போல உட்கார்ந்திருக்கும்.

ஒரு ஞாயிறு, ஊரிலிருந்து வந்தவரிடம் சொல்லி வரவழைத்த பலாச்சுளைகளைத் தூக்குவாளியில் எடுத்து வந்தார். காவலாளி அந்தப் பக்கம் திரும்பியதும் கம்பிக்குள் ஒன்றை நீட்டினார்.

"தின்னு கண்ணு, நம்மூர்ப் பழம்."

குரங்கு முகர்ந்து பார்த்துக் கீழே போட்டது. காவலாளி கவனித்துவிட்டார், ஆனால் திட்டவில்லை. "விடுங்க பாபுஜி, அது இங்கேயே பொறந்தது" என்றார் இந்தியில்.

அப்பா அடுத்த சுளையை என்னிடம் நீட்டினார். "நீயாச்சும் தின்னு கண்ணு."

முகர்ந்தேன். திருப்பிக் கொடுத்தேன். அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மீதியைத் தனியாகத் தின்றார்.

இப்போது ஒரு சுளை வாங்கி மகளிடம் நீட்டினேன்.

"ச்சீ, என்ன வாடைப்பா! ஜல்தி வாங்க."

நானே தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதை யாரிடம் சொல்லியிருக்க வேண்டுமோ, அவர் போய்ப் பல வருடமாகிறது. சட்டை பார்க்கப் போனோம்.