டிராம் வண்டியும் மாமாவின் செருப்பும்

ராயபுரத்தில் பிறந்தவர் என்று எங்கள் அப்பாவுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. வாசலில் ஓடும் டிராமின் மணிச் சத்தம்தான் தனக்குத் தாலாட்டு என்பார். ஆத்தூரிலிருந்து காலேஜில் படிக்க வந்து எங்களோடு தங்கியிருந்தார் என் மாமா, அம்மாவின் தம்பி. ஹார்பரில் வேலை முடிந்து வந்ததும் அவரை வம்புக்கு இழுத்தால்தான் அப்பாவுக்குக் காப்பி இறங்கும். "இன்னா மச்சான், இன்னிக்கு எந்தத் தெருவுல வழி தெரியாம நின்னுகினு இருந்தே?" என்று ஆரம்பித்துவிடுவார்.

மாமா மழுப்பிவிடுவார். எனக்கு மட்டும் ஒரு ரகசியம் சொன்னார். முதல் நாள் டிராம் ஏறப் போனவர், உள்ளே பளபளவென்று இருந்த மரத்தரையைப் பார்த்ததும், யார் வீட்டுக்குள்ளோ நுழைவதுபோலச் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு ஏறிவிட்டாராம். வண்டி கிளம்பிவிட்டது. வெறுங்காலோடு வகுப்புக்குப் போனவரைப் பையன்கள் அன்று முழுக்க ஓட்டியிருக்கிறார்கள். "யாருகிட்டயும் சொல்லிப்போடாத பாப்பா" என்றார். தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

மாமா இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. படிப்பும் வேண்டாம், பட்டணமும் வேண்டாம், திங்கட்கிழமை ரயிலில் ஊருக்குப் போகிறேன் என்று டிரங்குப் பெட்டியைக் கட்டிவிட்டார். குடும்பத்தில் முதல்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் என்று அம்மா அழுதாள். அப்பா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமாவையும் என்னையும் பேசும்படத்துக்குக் கூட்டிப்போனார்.

நேரம் பாருங்கள், பட்டணத்துக் காலேஜில் சேர்ந்த நாட்டுப்புறத்துப் பையன் படும் பாடுதான் கதை. கொட்டகையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மாமா மட்டும் மூச்சு விடவில்லை. படத்துப் பையன் டிராம் ஏற வந்தான். செருப்பைக் கழற்றினான். சத்தியமெல்லாம் எனக்கு எங்கே ஞாபகம் இருந்தது? "மாமா, நீ செருப்ப வுட்டுட்டு ஏறினியே, அதே மாரி!" என்று கத்திவிட்டேன்.

அந்த நேரம் பார்த்தா படச்சுருள் முடிய வேண்டும். ஒரே மிஷின் இருந்த காலம், சுருள் மாற்றுவதற்கு விளக்கைப் போட்டார்கள். முன் பெஞ்சுக்காரர்கள் எல்லாரும் திரும்பி மாமாவைப் பார்த்துச் சிரித்தார்கள். மாமா வெளியே போக எழுந்தார்.

அப்பா கையைப் பிடித்து அவரை உட்காரவைத்தார். பிறகு கொட்டகைக்கே கேட்கும்படி, "இன்னாத்துக்கு அவனப் பாத்து சிரிக்கிறீங்கோ? நானும் பட்டணத்துக்கு வந்த புதுசுல வுட்டுட்டு ஏறினவன்தான்" என்றார்.

முன் பெஞ்சிலிருந்து ஒருவர், "நம்ம கதையும் அதான் நைனா. என்னுது புது ஜோடு வேற" என்றார். இன்னொருவர், காக்கிச் சட்டையைப் பார்த்துப் போலீஸ் என்று நினைத்துக் கண்டக்டருக்குக் கும்பிடு போட்டதைச் சொன்னார். அடுத்த சுருள் ஓடத் தொடங்கியபோது மாமாவின் சிரிப்புதான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கேட்டது.

திங்கட்கிழமை ரயில் மாமா இல்லாமல் போயிற்று. படம் அவ்வளவு நல்ல படம் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் எங்கள் அப்பாவும் செருப்பை விட்டுவிட்டு டிராம் ஏறியவர்தான் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். ராயபுரத்திலேயே பிறந்த மனிதர் எந்த ஊரிலிருந்து பட்டணத்துக்குப் புதிதாக வந்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.