ஏழாம் விதியின் விலக்கு

அந்த ஆண்டு எங்கள் உதைபந்தாட்டக் கழகம் கடைசி இடத்தில் இருந்தது. கடைசி இடத்துக்கு ஒரு நன்மை இருந்தது. புதிதாக நாட்டுக்கு வந்து பந்து விளையாடக்கூடியவர்களின் பட்டியலை மாசி மாதக் கூட்டத்தில் கழகங்களின் ஒன்றியம் வாசிக்கும்போது, முதல் ஆளைத் தெரிவு செய்யும் உரிமை கடைசியாக வந்த கழகத்துக்கு. கிண்ணம் வென்ற கழகத்துக்கு மிச்சம். டென்மார்க்கில் அப்போது பதினொரு தமிழ்க் கழகங்கள் ஒன்றியத்தில் இருந்தன. தெரிவானவர் படிவத்தில் கையெழுத்து வைத்தால் இரண்டு வருடம் அந்தக் கழகத்துக்கே சொந்தம்.

நாங்கள் ரண்டர்ஸ் கழகம். நான் செயலாளர். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் ஆறு வருடம் துணை ஆசிரியராக இருந்தவன் என்பதால் ஒன்றியத்தின் விதிகளை எழுதும் வேலையும் என்னிடம் வந்தது. அதில் ஏழாம் விதி எங்கள் நன்மைக்காகவே நான் எழுதியது. எஸ்பியர்க் கழகத்தின் தலைவர் ஒரு மீன் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். எங்கள் ஆட்டக்காரர்கள் மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக அந்தத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார்கள். அடுத்த கோடையில் மூவரும் எஸ்பியர்க் சட்டையோடு எங்களுக்கு எதிரே நின்றார்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அதனால்தான் விதி தேவைப்பட்டது.

பதிவில் இருக்கும் ஆட்டக்காரருக்கு இன்னொரு கழகத்தின் நிர்வாகி இரண்டு வருடத்துக்குள் வேலையோ தங்குமிடமோ கொடுத்தால், அந்தக் கழகம் அவ்வருடக் கிண்ணத்திலிருந்து விலக்கப்படும். ஆட்டக்காரருக்கு மூன்று வருடத் தடை. தப்பிப் போக இடம் வைக்காமல் எழுதினேன். கூட்டத்தில் ஒருவர், “ஆருக்கேன் வீட்டில செத்த வீடு எண்டால்?” என்று கேட்டார். ஐந்து நிமிடத்தில் விலக்கு ஒன்று சேர்த்தேன்: பெற்றோர், துணை, உடன்பிறந்தோர் ஆகியோரில் ஒருவர் இறந்தால், காரணத்தை எழுதி, ஆட்டக்காரர் கையெழுத்திட்டால், கழகம் அவரைப் போகவிட்டு விடுகைக் கடிதம் கொடுக்கலாம், வேறு காரணத்துக்கு இல்லை. அன்று அது தாராளமாகத் தெரிந்தது.

மாசிக் கூட்டத்தில் நாங்கள் தெரிவு செய்தவனுக்கு இருபத்தாறு வயது. அகதி அந்தஸ்துக் கிடைத்து, கொம்யூன் என்கிற நகரசபை அவனை எங்கள் ஊரில் ஒரு அறை வீட்டில் குடியமர்த்தியிருந்தது. இடது காலால் அடிப்பவன். வாகனத் தரிப்பிடத்தில், எங்கள் தலைவரின் காரின் மேல் படிவத்தை வைத்துக் கையெழுத்திட்டான். குளிரில் பேனை எழுதவில்லை. தலைவர் அதை வாயால் ஊதிச் சூடாக்கிக் கொடுத்தார்.

அவனுடைய தாய் அந்த நேரம் போர் நடந்துகொண்டிருந்த வன்னியில். அவனுக்கு டென்மார்க்கில் இருந்த ஒரே உறவு எஸ்பியர்க்கில் கணவரோடு இருந்த அக்கா. தாய்க்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே வெளிநாட்டு இலக்கமும் அந்த அக்காவின் வீட்டுத் தொலைபேசி. கடைசியாக அவர் தை மாத முடிவில் யாரோ ஒருவரின் போனில் எடுத்து, கடற்கரைப் பக்கம் போகிறோம் என்று சொல்லியிருந்தார். அதன்பிறகு ஒன்றும் இல்லை. இவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: அந்தத் தொலைபேசி இருக்கும் வீட்டில் இருப்பது.

வார நாட்களில் டேனிஷ் மொழிப் பள்ளி. போகாவிட்டால் உதவிப்பணம் நிற்கும். ஞாயிறு காலை எங்கள் பயிற்சி. சனிக்கிழமை ரயிலில் மூன்று மணி நேரம் போய், ஒரு இரவு அந்தத் தொலைபேசிக்குப் பக்கத்தில் படுத்து, விடிய முதல் ரயிலில் திரும்பி வருவான். பயிற்சிக்கு ஒரு நாளும் பிந்தவில்லை. வேலை கிடைத்தால் மட்டும் கொம்யூன் அவனை ஊர் மாற விடும். டேனிஷ் தெரியாதவனுக்கு மீன் தொழிற்சாலையை விட்டால் அங்கே வேலையில்லை.

சித்திரையில் ஒருநாள் பயிற்சி முடிந்து நான் கம்பங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது வந்தான்.

“அண்ணை, மீன் பக்டரியில ஒரு இடம் இருக்காம். வைகாசி முடியுமட்டும் பிடிச்சு வைச்சிருப்பன் எண்டு அவையின்ர தலைவர் அத்தானுக்குச் சொன்னவராம்.”

“நல்லது.”

“ஆனா உங்கட கடிதம் இல்லாமல் ஏலாதாம். கழகத்தை வெளியால போட்டிடுவாங்களாம். ஏழாம் விதியோ என்னவோ ஒண்டு இருக்காம். ஆர் அண்ணை உதை எழுதினது?”

“நான்தான்,” என்றேன்.

அவன் சிரித்தான். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

எங்கள் நிர்வாகம் மூன்று பேர்: தலைவர், பொருளாளர், நான். தேவாலயத்தின் சிறிய மண்டபத்தை மாதம் ஒரு மாலை எங்களுக்குத் தருவார்கள். வைகாசிக் கூட்டத்துக்கு வந்தபோது மூவருமே நித்திரையில்லாத முகங்களோடு இருந்தோம். அந்த வாரங்களில் தமிழ் வீடுகளில் தொலைக்காட்சி அணைக்கப்படவில்லை. தலைவரின் தம்பி குடும்பமும் அதே கடற்கரையில்தான் இருந்தது. அவர் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தார். அவன் கதவோரக் கதிரையில் உட்கார்ந்திருந்தான்.

“ஐசே,” என்றார் தலைவர் என்னிடம், “மூண்டு பேரை அந்த எஸ்பியர்க்காரர் ஏற்கெனவே கொண்டு போட்டார். இது நாலாவது. நீர்தானே உந்தச் சட்டத்தை எழுதினனீர்? பிறகு எனக்கு முன்னால வந்து விடச் சொல்லிக் கேக்கிறீர்.”

“விளையாட்டுக்கு இல்லை. பொடியன் அக்கா வீட்டில இருக்கவேணும்.”

“அப்ப மற்ற மூண்டு பேரும் விளையாட்டுக்கே போனவை? அவையும் வேலைக்குத்தான் போனவை.”

அது சரியான பதில்.

பொருளாளர் விதிப்புத்தகத்தை எடுத்து விரலை வைத்து வாசித்தார். “விலக்கு ஒண்டு இருக்குத்தானே. பெற்றோர், துணை, உடன்பிறந்தோர்...” அத்துடன் நிறுத்தினார்.

பிறகு தலைவர், அன்று மாலை முழுவதும் காட்டாத மென்மையோடு, அவன் பக்கம் திரும்பினார்.

“தம்பி, கோவிக்காதையும். அங்க என்ன நடக்குதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அம்மா... எண்டு ஒரு வசனம் எழுதி நீர் ஒரு கையெழுத்து வையும். அத்தாட்சி ஆரும் கேக்கமாட்டினம். இப்பவே கடிதம் தாறன். நாளைக்கே போம்.”

அவன் கதிரையிலிருந்து எழுந்தான்.

“அம்மா செத்திட்டா எண்டோ?”

“உண்மையா இல்லையடா. சும்மா பேப்பரில.”

“பேப்பரிலயும் வேண்டாம் அண்ணை.”

“அப்ப உமக்குப் போக விருப்பமில்லை.”

“இருக்கு. ஆனா அம்மா செத்தவ எண்டு நான் கையெழுத்து வைக்கமாட்டன்.”

தலைவர் என்னைப் பார்த்தார். “நீர் எழுதும். செய்தி கிடைச்சதெண்டு எழுதும். உமக்குத் தெரியாத வசனமே?”

எனக்குத் தெரிந்த வசனம்தான். எங்கள் பத்திரிகையில், நேரில் கண்ட இரண்டு பேர் சொல்லாமல் ஒருவருடைய மரணத்தை நாங்கள் அச்சிடுவதில்லை. என்னால் முடியாது என்றேன். அவன் மறுத்தது தாய்க்காக. நான் மறுத்தது பழக்கத்துக்காக. ஒரே வசனத்தை நாங்கள் இருவரும் எழுதாமல் விட்டோம், அவனுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

தலைவர் எழுந்து மேலங்கியைப் போட்டார். “அப்ப கதை முடிஞ்சுது. நான் வழி காட்டினனான்.”

அடுத்த நாள் நான் என் அதிகாரத்துக்கு மீறிய ஒன்றைச் செய்தேன். விடுகைப் படிவத்தை எடுத்து, கழக முத்திரையைக் குத்தி, ‘காரணம்’ என்ற இடத்தை வெறுமையாக விட்டு, தனியாகக் கையெழுத்திட்டு ஒன்றியத்துக்கு அனுப்பினேன். உறையை ஒட்டும்போது மகள் என்னவென்று கேட்டாள். விளங்கப்படுத்தினேன். அவள் டேனிஷில், “அந்த ஆளுக்குப் போக விருப்பமென்றால் போகட்டுமே, இது வெறும் பந்து விளையாட்டுத்தானே?” என்றாள். நான் தமிழில் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

பத்து நாட்களில் படிவம் திரும்பி வந்தது. கூடவே ஒரு வரி: ‘காரணம் குறிப்பிடப்படாத படிவம் செல்லுபடியாகாது.’ அந்த வரியும் விதிப்புத்தகத்தில் நான் எழுதியதுதான். அந்தப் பத்து நாட்களுக்குள் போர் முடிந்துவிட்டது என்று செய்தி வாசித்தார்கள். நாங்கள் பேருந்துகளில் கோபன்ஹேகனுக்குப் போய் ஆர்ப்பாட்டத்தில் நின்றோம், திரும்பி வந்தோம். வைகாசியும் முடிந்தது. மீன் தொழிற்சாலையில் அந்த இடத்துக்கு ஒரு போலந்துக்காரரை எடுத்தார்கள். அவனிடம் சொல்ல அவனுடைய அறைக்கே போனேன். பிளேன்டீ போட்டுத் தந்தான். “நீங்கள் என்ன செய்யிறது அண்ணை,” என்றான். நான் செய்தது என்ன என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கோடையில் கிண்ணப் போட்டி நடக்கவில்லை. ஒன்றியம் துக்கம் அனுசரித்து ரத்துச் செய்தது. ஒரு ஆட்டமும் இல்லை, ஆனால் பதிவு பதிவுதான். ஆட்டமில்லாத வருடம் கணக்கில் வராது என்று விதி சொல்லவில்லை, வரும் என்றும் சொல்லவில்லை. ஒன்றியம் வராது என்று தீர்மானித்தது. அவனுடைய இரண்டு வருடம் மூன்றானது.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு, சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டே சொன்னான்.

“அம்மா இருக்கிறா அண்ணை.”

முகாமிலிருந்து, யாருடையதோ போனில், செவ்வாய்க்கிழமை பகல் அக்கா வீட்டுக்கு எடுத்திருக்கிறார். மூன்று நிமிடம்.

“கதைச்சனீரோ?”

“நான் ஸ்கூலில. அக்காதான் கதைச்சவ.” அடுத்த காலுக்கு மாறினான். “என்னைத்தான் கேட்டவவாம், தம்பி பக்கத்தில நிக்கிறானோ எண்டு. அக்கா ஓம் எண்டு சொல்லிப்போட்டா. குளிக்கிறான், இப்ப வந்திடுவான் எண்டு. பிறகு லைன் கட்டாம்.”

சந்தோஷம் என்று சொன்னேன். உண்மையான சந்தோஷம்தான். அன்று வீட்டுக்கு வரும் வழியில்தான் மற்றது உறைத்தது: தாய் உயிரோடு இருக்கிறார், ஆகவே விலக்கு இனி அவனுக்கு இல்லை. தாய் மறுபடி எப்போது எடுப்பார் என்று ஒருவருக்கும் தெரியாது. எடுத்தால் அந்த இலக்கத்துக்குத்தான் எடுப்பார்.

புரட்டாதிப் பொதுக்கூட்டம் ஓடென்சேயில். ஏழாம் விதியை நீக்கவேண்டும் என்று நானே தீர்மானம் கொண்டுபோனேன். எழுதியவனே நீக்கச் சொல்வது அங்கே பலருக்குச் சிரிப்பாக இருந்தது. “அப்ப எழுதேக்க நித்திரையோ?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். எஸ்பியர்க் தலைவர் ஆதரித்துப் பேசியது எனக்கு உதவவில்லை. சிறிய கழகங்கள் அவர் வாயைப் பார்த்தே பயந்துபோயின. கழகத்துக்கு ஒரு வாக்கு, அதைத் தலைவர்தான் போடுவார். எங்கள் தலைவர் எதிராகக் கை உயர்த்தினார். நிதானமாக, என்னைப் பார்க்காமல் உயர்த்தினார்.

ஆட்டக்காரர்களுக்கு உள்ளே இடமில்லை. அவன் வெளியே வாங்கில் இருந்தான்.

“என்னண்ணை?”

“ஏழுக்கு நாலு.”

“எங்கட பக்கம் நாலோ?”

“ஓம்.”

“நாலு அடிச்சும் தோக்கிறது எங்கட டீம்தான்,” என்றான். பிறகு, “எங்கட தலைவர்?” என்று கேட்டான்.

சொன்னேன். தலையாட்டினான்.

அவனும் நானும் தலைவரின் காரில்தான் வந்திருந்தோம். அதிலேயே திரும்பினோம். அவன் பின்சீட்டில். பாலம் தாண்டினோம்.

“தம்பி, பசிக்குதே? வழியில நிப்பாட்டட்டோ?” என்றார் தலைவர்.

“வேண்டாம் அண்ணை.”

பெருந்தெரு பிரியும் இடத்தில் பலகை வந்தது. நேரே போனால் எஸ்பியர்க், வலப்பக்கம் வடக்கே எங்கள் ஊர். தலைவர் நேரத்தோடேயே வலப்பக்கச் சிக்னல் போட்டுவிட்டார். திரும்பும் மட்டும் அது டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.