அக்காவின் வெள்ளிக்கிழமைகள்

அக்காவின் இந்த நினைவு மலருக்காகப் பெரியப்பாவின் மகன் எழுதித் தந்த வாழ்க்கைக் குறிப்பில் ஒரு பிழை இருக்கிறது. பஹ்ரைனில் வாழ்ந்த காலம் முழுவதும் அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனார் என்று அண்ணா மிக உருக்கமாக எழுதியிருக்கிறார். அவரில் குற்றமில்லை. அக்கா வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னதைத்தான் அவர் எழுதினார். உண்மையில் அந்த வெள்ளிக்கிழமைகளை அக்கா கழித்தது ஈசா டவுனில், ஒரு மணல் வெளியில், நீலக் காற்சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு பேஸ்போல் விளையாடுவதில். வேலைக்கு வந்த பெண்கள் தாங்களே தொடங்கி நடத்திய ஒரு லீக்கில், முதலாவது கிண்ணத்தை வென்ற அணியின் தலைவி எங்கள் அக்கா.

உறவினர்கள் யாரும் கோபிக்க வேண்டாம். இதைச் சொல்லும்படி தம்பியான என்னிடம் கேட்டவர் அக்காவேதான். எப்படிச் சொல்லவேண்டும் என்றும் சொல்லித்தான் போனார். அதைப் பின்னால் எழுதுகிறேன்.

வடமராட்சியில், கடல் இரைச்சல் கேட்கும் ஒரு வளவில், மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அப்பா நேரத்தோடு இறந்துபோனார். அதன்பின் இடம்பெயர்வதும் திரும்பி வருவதுமாகவே எங்கள் பிள்ளைப்பருவம் கழிந்தது. ஓலைக் கொட்டிலில் நடந்த பாடசாலையிலும் அக்காவுக்குப் பிடித்த பாடம் ஒன்று இருந்தது. அது எல்லே. இங்கே பலருக்கும் தெரிந்த விளையாட்டுத்தான். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டுக் கம்பங்களைச் சுற்றி ஓடவேண்டும். ஓடுபவரின் உடம்பில் பந்தை எறிந்து பட்டால் அவர் அவுட். அக்கா எறிந்த பந்து பிசகியதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வலயப் போட்டிக்குத் தெரிவான வாரம் பந்தொன்று பட்டு அவருடைய சின்னவிரல் முறிந்தது. "விளையாடப் போறியோ, உடம்பை முறிக்கப் போறியோ? இனி தடியைத் தொட்டியெண்டால் பார்!" என்று அம்மா ஒரேயடியாக நிறுத்திவிட்டார். விரல் கோணலாகவே பொருந்தியது. அக்காவின் கையைப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்த விரலைக் கண்டிருப்பீர்கள். வலயப் போட்டி நடந்த நாளன்று அக்கா கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தார். அன்று அவர் அழுததை நான் கண்டேன்.

உயர்தரம் முடித்த கையோடு பஹ்ரைனுக்கு வீட்டு வேலைக்குப் போனார். நான்கு வருடம் ஒரே வீட்டில் நின்று அரபு மொழியைக் காதால் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு பல் வைத்தியசாலையின் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்தது. என்னையும் அங்கே எடுப்பித்து, ஏசி திருத்தும் வேலையில் சேர்த்துவிட்டார். தங்கையின் கல்யாணம், இந்த வீட்டின் கூரை, அம்மாவின் கண் சத்திரசிகிச்சை என்று அக்கா செய்தவற்றை அண்ணாவின் குறிப்பில் வாசிப்பீர்கள். அதில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். வெளியே மணலில் சில பிலிப்பைன்ஸ் பெண்கள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா எழுந்து மணியை அடித்தார்.

"எங்கையக்கா இறங்கிறீங்கள்? எங்கடை இடம் இன்னும் வரேல்லை."

"நீ மரக்கறியை வேண்டிக்கொண்டு றூமுக்குப் போ. நான் வாறன்."

நான் போகவில்லை. பின்னாலேயே இறங்கினேன். அக்கா நேரே போய், ஒருமுறை அடித்துப் பார்க்கட்டுமா என்று அரபும் ஆங்கிலமும் கலந்து கேட்டார். முகப்பூச்சுக் கடையில் வேலை செய்யும் மரிசா என்ற பெண்தான் அவர்களுக்குத் தலைவி. அவள் சிரித்துக்கொண்டே மட்டையைக் கொடுத்தாள். இரண்டாவது பந்தை அக்கா அடித்த அடியில் அது தெருவோரம் நின்ற கார்களுக்கு மேலாகப் போய்விட்டது. பந்தைத் தேடி எடுத்தவன் நான். சுடிதார் போட்டுக்கொண்டு அப்படி அடித்த ஒருத்தியை மரிசா அதற்குமுன் கண்டிருக்க மாட்டாள். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில்தான் லீக் தொடங்கியது. பெரிய பந்தில் ஆடும் அந்த ஆட்டத்துக்குச் சொஃப்ட்போல் என்று சொல்லவேண்டுமாம். எங்களுக்கு அது பேஸ்போல்தான். மரிசாவின் அணி, பள்ளி ஆசிரியைகளின் அணி, தாதிகளின் அணி என்று மூன்று அணிகள் இருந்தன. நான்காவது அணியை நான் கொண்டுவருகிறேன் என்று அக்கா வாய் விட்டுவிட்டார். வீட்டு வேலை செய்கிற இலங்கைப் பெண்களைத் தொலைபேசியில் பிடித்து, தன்னோடு ஒன்பது பேராகச் சேர்த்தார். எல்லோரும் எல்லே விளையாடியவர்கள். "ஹவுஸ்மெயிட்களை வைத்து ஒரு பருவம் முழுக்க ஆட முடியாது, லீவு கிடைக்காது" என்று மற்ற அணிகளில் பேச்சு இருந்தது. அதற்காகவே ஒரு விதியும் போட்டார்கள். ஆட்டம் தொடங்கும்போது ஒன்பது பேர் நிற்காவிட்டால் அந்த ஆட்டம் தோல்வி. மூன்று முறை அப்படி நடந்தால் லீக்கிலிருந்து வெளியே.

முதலாவது ஆட்டம் மரிசாவின் அணியோடு. பந்து அக்காவின் கைக்கு வந்தபோது மரிசா அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். அக்கா முழு வேகத்தில் எறிந்தார். பந்து அவள் நடுமுதுகில் பட்டு விழுந்தது. அக்கா இரண்டு கையையும் தூக்கி, "அவுட்!" என்று கத்திக்கொண்டு துள்ளினார். எங்கள் ஒன்பது பேரும் சேர்ந்து துள்ளினார்கள். மைதானத்தில் வேறு யாரும் துள்ளவில்லை என்பதைக் கவனிக்க அவர்களுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பேஸ்போலில் ஓடுபவர் மேல் பந்தை எறியக்கூடாது. அவர் போய்ச் சேருவதற்குமுன் பந்து, கம்பத்துக்குப் பதிலாக இருக்கும் பேஸுக்குப் போகவேண்டும். இதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வேண்டுமென்றே அடித்தாள் என்று அக்காவுக்கு ஒரு ஆட்டம் தடை விழுந்தது. அக்கா இல்லாமல் அடுத்த வாரம் எட்டுப் பேர்தான். ஆடாமலே ஒரு தோல்வி.

அடி பட்ட அன்றைக்கே அக்கா, இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் ரோல்ஸ் சுட்டார். அதைக் காவிக்கொண்டு மரிசாவின் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்த மரிசா திரும்பி, சட்டையைக் கொஞ்சம் இறக்கி முதுகைக் காட்டினாள். கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. அக்கா அழத் தொடங்கிவிட்டார். மரிசா ரோல்ஸ் பெட்டியைத் திறந்து ஒன்றைக் கடித்தாள், பிறகு இன்னொன்று. அதன்பிறகு வாசலில் கிடந்த நான்கு செருப்புகளை எடுத்து நிலத்தில் நான்கு மூலைகளிலும் வைத்து, இதுதான் பேஸ் என்று ஆட்டத்தை முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பாடம் முடிந்தபோது பெட்டியில் ரோல்ஸ் இருக்கவில்லை. அன்றிலிருந்து அவள் எங்கள் வீட்டுப் பெண்.

இரண்டாவது தோல்வி லெட்சுமியால் வந்தது. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை லெட்சுமி. முதலாவது பேஸில் நிற்பவள். அவளிடம் போன பந்து கையுறைக்குள்தான் போகும். வேலை செய்கிற வீட்டில் விருந்தென்று அவளை விடவில்லை. "மேடம் விடவே மாட்டேங்குறாங்க அக்கா. என்னய எடுத்துட்டு வேற ஆளப் போட்டுருங்க," என்று தொலைபேசியில் விம்மினாள்.

"ஆளை மாத்திறதுக்கு நான் உன்னைக் கடையிலையோ வேண்டினனான்? நான் வந்து கதைக்கிறன். நீ அழாமல் இரு."

அக்கா சொன்னபடியே போனார். அந்த வீட்டு அம்மா "மாஃபி, மாஃபி", இல்லை என்று கையை விசிறினார். இவள் விழுந்து கையை முறித்தால் எனக்கு யார் சமைப்பது என்பதுதான் அவருடைய கேள்வி. அக்கா தன் கோணல் விரலை நீட்டிக் காட்டினார். இது முறிந்த நாளில் என் அம்மாவும் இப்படித்தான் மறித்தார், அதோடு என் விளையாட்டு முடிந்தது என்று அரபில் சொன்னார். லெட்சுமிக்கு ஏதும் ஆனால், டியூட்டி முடிந்து நான் வந்து உங்கள் வீட்டு வேலை முழுவதையும் செய்வேன் என்றார். அந்த அம்மா விரலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கடைசியில் "ஹலாஸ், சரி, வெள்ளிக்கிழமை மட்டும்" என்றார். வேலைக்காரியாக நின்ற காலத்தில் தனக்காக ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லை என்று வெளியே வந்ததும் அக்கா சொன்னார்.

அதன்பின் எங்கள் அணி தோற்கவில்லை. எல்லே அடித்த கைகளுக்குப் பெரிய பந்து பூசணிக்காய் மாதிரித் தெரிந்ததாம். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது மீண்டும் மரிசாவின் அணி.

பிற்பகல் தொழுகை முடிந்து ஆட்டம் தொடங்கும் நேரத்தில் எங்களிடம் எட்டுப் பேர்தான். லெட்சுமி வரவில்லை. தொலைபேசியும் எடுக்கவில்லை. தொடங்கச் சொல்லிவிட்டால் மூன்றாவது தோல்வி. கிண்ணமும் போய்விடும், அடுத்த வருடம் லீக்கில் இடமும் இருக்காது. ஹவுஸ்மெயிட்களால் முடியாது என்றவர்கள் சொன்னதே சரி என்று ஆகிவிடும். நடுவர் கையைத் தூக்கப் போனார். அந்த நேரம் பார்த்து மரிசா சப்பாத்துக் கயிறு அவிழ்ந்துவிட்டது என்று குனிந்தாள். ஒரு கயிற்றைக் கட்டினாள். பிறகு மற்றதை அவிழ்த்தாள். பிறகு சப்பாத்தையே கழற்றி மணலைத் தட்டினாள். அவளுடைய அணியில் நின்றவர்கள் ஒவ்வொருத்தியாகக் குனிந்து தங்கள் கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கினார்கள். நடுவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்போது ஒரு வெள்ளைக் கார் மணலைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டி வந்தவர் லெட்சுமியின் மேடம். பின் கதவைத் திறந்துகொண்டு தொப்பியோடு லெட்சுமி பாய்ந்தாள். "யல்லா, யல்லா!" என்று மேடம்தான் அவளைத் துரத்தினார். தன் பிள்ளையின் காய்ச்சலால் பிந்திவிட்டதாம். அதனால் தானே கொண்டுவந்து விட்டாராம். முதலில் ஏசி போட்ட காருக்குள்ளிருந்து பார்த்தவர், பாதி ஆட்டத்தில் இறங்கி வந்து எங்களோடு நின்று கத்தினார்.

கடைசிச் சுற்றில் நாங்கள் ஒரு ஓட்டம் முன்னுக்கு. அவர்களுக்கு இன்னும் ஒரு அவுட்தான் மிச்சம். மரிசா இரண்டாவது பேஸில் நின்றாள். அடித்த பந்து உருண்டு நேரே அக்காவின் கைக்கு வந்தது. மரிசா அக்காவைத் தாண்டி ஓடினாள். பத்தடி தூரத்தில் அதே முதுகு. அக்காவின் கை தன்பாட்டில் அந்தப் பக்கம் உயர்ந்ததை நான் பார்த்தேன். அக்கா காலை ஊன்றித் திரும்பினார். முழு மைதானத்துக்கும் குறுக்காக, முதலாவது பேஸை நோக்கி எறிந்தார். பந்தை அடித்தவள் அங்கே வந்து சேருமுன் அது லெட்சுமியின் கையுறைக்குள் போய் இறுகியது.

அவ்வளவுதான். வென்றுவிட்டோம்! ஒன்பது பேரும் மணலில் விழுந்து புரண்டார்கள். மேடம் லெட்சுமியைக் கட்டிப்பிடித்தார். பந்து வரப்போகிறது என்று முதுகைச் சுருக்கிக்கொண்டே ஓடினேன் என்று மரிசா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தோற்றவள் அவ்வளவு சிரித்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பிறகு அந்த லீக் வளர்ந்தது. அடுத்த பருவங்களில் குவைத்தின் அப்பாசியாவிலிருந்து ஒரு அணி வந்தது, ருவைஸிலிருந்தும் வந்தார்கள். வேலை வீட்டிலிருந்து வருகிறவளுக்காகக் கால் மணி நேரம் காத்திருக்கவேண்டும் என்று விதியை மாற்றினார்கள். அதற்குப் பெயரே 'சப்பாத்துக் கயிறு'. புதிய அணிகளுக்கு முதலில் சொல்லும் விதி, ஓடுபவர் மேல் எறியாதே என்பது. அதைச் சொல்லும்போது எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் எழுந்து கும்பிடுவார்.

வென்றதும் அம்மாவிடம் சொல்வதென்றுதான் அக்கா நினைத்திருந்தார். கிண்ணத்தைப் பார்சலில் ஊருக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசி எடுத்தார். அவர் வாயைத் திறக்குமுன், "வெள்ளிக் கிண்ணம் வந்தது பிள்ளை. கோயிலிலை தந்ததோ? சாமியறையிலை வைச்சு விபூதி போட்டிட்டன்," என்றார் அம்மா. அக்கா என்னைப் பார்த்தார். "ஓம் அம்மா," என்றார். அதில் ஆங்கிலத்தில் வெட்டியிருந்ததை இத்தனை வருடமாக ஒருவரும் வாசிக்கவில்லை. விபூதி படிந்து எழுத்து மூடிவிட்டது.

கடைசி மாதங்களில் நோய் அக்காவை வாட்டியது. ஆனால் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் அவரைத் தனிக்க விடவில்லை. ஒரு பின்னேரம் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "அம்மாட்டைச் சொல்லு தம்பி. வெண்டதை முதல் சொல்லு. காற்சட்டை போட்டதைப் பிறகு சொல்லு."

அந்த ஒழுங்கிலேயே போன மாதம் சொன்னேன். "அண்டைக்கு நான் அவளை மறிச்சிருக்கக் கூடாது," என்று சொல்லி அம்மா அழுதார். அழுது முடித்து, "அந்த மரிசாப் பிள்ளைக்கு முதுகு சுகமோ?" என்று கேட்டார். கிண்ணத்தை எடுத்துவிட்டு விபூதிக்கு வேறு தட்டு வைக்கட்டுமா என்று கேட்டேன். "ஏன்? என்ரை பிள்ளை வெண்டு வந்தது. அதிலையே இருக்கட்டும்," என்றார்.

அக்காவைப் பார்த்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், நீண்ட விடுப்பை முகம் சுளிக்காமல் தந்த பல் வைத்தியசாலைக்கும், அவரை ஊருக்குக் கொண்டுவரப் பத்திரங்களோடு அலைந்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சாப்பாடு அனுப்பிக்கொண்டே இருந்த அந்த மேடத்துக்கும், கடைசி நாள்வரை அக்காவின் தலையை வாரிவிட்ட மரிசாவுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஹட்டனிலிருந்து வந்து இன்று எங்கள் அடுப்படியில் நிற்பவள்தான் லெட்சுமி. உங்களுக்குச் சோறு போடும்போது அவள் கையைப் பிடித்து ஒரு வார்த்தை பேசுங்கள்.

இன்று காலை இந்த வீட்டுக்குள் வந்தபோது நீங்கள் எல்லோரும் நெற்றியில் பூசிய விபூதி அந்தக் கிண்ணத்திலிருந்து எடுத்ததுதான். அதன் வெளிப்புறத்தை இதற்கென்றே அம்மா புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறார். போகும்போது குனிந்து ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள். இந்தக் கட்டுரையில் நான் எழுதாத அக்காவின் பெயர் அதில் இருக்கிறது. பெயருக்கு மேலே, வெற்றியாளர் என்று இருக்கிறது.