எனக்குத் தையல் போடவில்லை

எங்கள் வீட்டில் ஞானப்பல் பிடுங்கிக்கொண்டவர்கள் இரண்டு பேர். முதலில் என் மனைவி. அவளுக்குப் பல் கீழ்த்தாடை எலும்புக்குள் படுத்துக் கிடந்தது. தவளக்குப்பத்துப் பல் டாக்டரம்மா ஈறைக் கீறி, பல்லை உடைத்தெடுத்து, தானாகக் கரைந்துவிடும் நூலால் தையல் போட்டு அனுப்பினார். வீங்கிய கன்னத்தோடு அவள் என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து பாகூர் வந்து சேர்ந்ததும் சொந்தபந்தமெல்லாம் ஹார்லிக்ஸோடு வந்து பார்த்தது.

அடுத்த சில நாளிலேயே என் முறை. எனக்கும் கீழ்ப்பல்தான், ஆனால் ஒழுங்காக நிமிர்ந்து முளைத்தது. நான் பயந்து முடிப்பதற்குள் பிடுங்கிவிட்டார். பஞ்சைக் கடிக்கக் கொடுத்து, "எழுந்துக்கலாம்ணா" என்றார்.

"தையலு?" என்றேன் பஞ்சோடு.

"உங்களுக்குத் தேவையில்லண்ணா. குழியில ரத்தம் உறைஞ்சி நிக்கும், அதான் மூடி. அது கலையாம பாத்துக்குங்க. ஸ்ட்ரா போட்டு உறியாதீங்க, காறித் துப்பாதீங்க."

எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு தையலுக்குக்கூட லாயக்கில்லாத காயத்தைக் காட்டி யாரிடம் அனுதாபம் வாங்குவது? ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றுகூட வரவில்லை.

"டாக்டரு இன்னா சொன்னாங்க?" என்றாள் மனைவி, கஞ்சியை ஆற்றியபடி.

"தையல் போட்டவங்களுக்குத்தான் பத்தியம். எனக்கு ஒண்ணும் கெடையாது" என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் கரும்பு வெட்டு. கொல்லையில் நின்று ஆட்களை விரட்டிவிட்டு வரும் வழியில் இளநீர் வண்டி நின்றது. கடைக்காரர் ஸ்ட்ராவைப் போட்டே நீட்டினார். கொடுத்ததை மறுப்பது மரியாதையா? அடிவரை உறிஞ்சினேன். வாயில் லேசாக ரத்தச் சுவை வந்தது. வெயிலில் இளநீர் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன்.

இரண்டொரு நாளில் வலி காதுக்கு ஏறியது. மனைவி செல்போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தாள்.

"உள்ள வெறும் பள்ளமா கீதுங்க. எலும்பு தெரியற மாரி கீது."

மறுபடி தவளக்குப்பம். டாக்டரம்மா பார்த்ததுமே கேட்டார்: "ஸ்ட்ரா போட்டீங்களாண்ணா?"

"சேச்சே" என்றேன்.

"எளநி குடிச்சாரு மேடம். ஸ்ட்ரா போட்டுத்தான்" என்றாள் மனைவி. நான் அவளிடம் மூச்சுக்கூட விட்டதில்லை. எங்கள் ஊரில் எவனும் தனியாக இளநீர் குடித்துவிட முடியாது. பார்ப்பதற்கென்றே எதிர்ப்பக்கம் ஒரு சொந்தக்காரர் நிற்பார்.

"அப்பவே ஒரு தையல் போட்டிருந்தா இதெல்லாம் வந்திருக்குமா மேடம்?" என்று நான் குற்றத்தை அவர் பக்கம் தள்ளிப் பார்த்தேன்.

"தையல் போட்டிருந்தாலும் நீங்க உறிஞ்சிருப்பீங்கண்ணா" என்றார் அவர் அமைதியாக.

குழியைக் கழுவி, கிராம்பு வாசமடிக்கும் மருந்துத் துணியை உள்ளே திணித்தார். வலி இறங்கியபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மனைவி முதுகைத் தடவிக்கொடுத்தாள், சிரித்துக்கொண்டேதான். துணியை மாற்ற அதன் பிறகும் பலமுறை போனேன். அவளுடைய தையல் கரைந்து, அவள் வறுத்த மீன் சாப்பிடத் தொடங்கிய பிறகும் நான் கஞ்சியில்தான் இருந்தேன். குழி தூர்ந்து சதை மூட வாரக்கணக்கானது.

போன மாதம் அரியாங்குப்பத்திலிருக்கும் என் அண்ணனுக்கு அதே பல்லைப் பிடுங்கினார்கள். பட்டதையெல்லாம் உட்காரவைத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அது உன் ஒடம்புடா. என் ஒடம்பு வேற" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.