அனிஷாவின் உதட்டுக்கு எந்த இனிப்பு

ஆக்சிலியாவுக்கு உட்காரத் தெரியாது. பாலக்கோட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு அவள் குடிவந்த நாளிலிருந்து பார்க்கிறேன். நின்றுகொண்டே சாப்பிடுவாள், நடந்துகொண்டே தலை சீவுவாள், போன் வந்தால் பேசிக்கொண்டே தெருமுனை வரை போய்த் திரும்புவாள். வேலை தக்காளி நாற்றுப் பண்ணையில், பெண்களை மேய்க்கிற மேற்பார்வை வேலை. அங்கே ஓடித்தான் ஆக வேண்டும், சரி. வீட்டுக்கு வந்தும் அதே ஓட்டம் என்றால் பார்க்கிற எனக்கே கால் வலிக்கிறது.

பிறந்தது இண்டூர் பக்கம், விவசாயக் குடும்பம். நர்சிங் படிக்கப் போனாள், பாதியில் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். வீட்டுக்காரன் இனிகோ ஓசூரில் கம்பெனி வேலை, வாரக் கடைசியில் வந்து போகிற மனுஷன். மற்ற நாளெல்லாம் இவளும் மகள் அனிஷாவும்தான். குழந்தைக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தாலும் பாதிப் படிப்பு நர்சு முழித்துக்கொள்வாள். முழித்துக்கொண்டால் தெருவில் யாரும் நிம்மதியாக இருக்க முடியாது.

அனிஷா நாலாம் வகுப்பு முடித்த பிள்ளை. அவளுக்கு உதட்டை நக்குகிற பழக்கம். பனிக்காலத்தில் ஆரம்பித்தது, வெயில் வந்தும் விடவில்லை. நக்கி நக்கி உதடு வெடித்து, வாயைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையமே விழுந்துவிட்டது. தருமபுரிக்கு அழைத்துப் போய்த் தோல் டாக்டரிடம் காட்டினாள் ஆக்சிலியா. அந்த அம்மா தெளிவாகத்தான் சொன்னார்: நக்குவதுதான் நோய், வாசனை இனிப்பு எதுவும் இல்லாத களிம்பைக் கெட்டியாகப் பூசுங்கள், நாக்கு படாமல் இருந்தால் தானாக ஆறும். அனிஷா அந்தக் களிம்பை ஒருமுறை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். "உவ்வே" என்று தோள்பட்டையில் துடைத்தாள். அதோடு அந்த வைத்தியம் முடிந்தது. அம்மா பூசப் பூச மகள் துடைத்தாள். யூனிபார்ம் சட்டைத் தோள்கள் மட்டும் பளபளவென்று ஆயின.

அந்தச் சமயத்தில்தான் புதுநன்மை வந்தது. இவர்கள் கோயிலில் பிள்ளைகள் முதல்முறையாக நற்கருணை அப்பம் வாங்குகிற நாளை அப்படிச் சொல்கிறார்கள். பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன், தலையில் பூவளையம், கையில் மெழுகுவர்த்தி, ஏறக்குறைய ஒரு சின்னக் கல்யாணம். நான் தையல்காரி. கவுன் என் பொறுப்பு. மே மாதம் ஒரு ஞாயிறு என்று குறித்துவிட்டார்கள்.

ஒத்திகையில் வந்தது வினை. பூசையில் வைக்காத வெறும் அப்பத்தை சிஸ்டர் ஒவ்வொரு பிள்ளையின் நாக்கிலும் வைத்துப் பழக்கினார். காகிதம்போல மெல்லிசான, காய்ந்த வில்லை அது. அனிஷா வாயைத் திறந்ததும் கீழுதடு பிளந்தது. அப்பம் புண்ணில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தபோது அதில் ரத்தம். பின்னாலிருந்த பிள்ளைகள் சிரித்தன, ஒருத்தி "ஐயே" என்றாள். அனிஷா வீட்டுக்கு வந்து பையை வீசிவிட்டு, "நான் நன்மை வாங்க மாட்டேன். வாயே திறக்க மாட்டேன்" என்றாள். கவுனை அளவு பார்க்கக் கூப்பிட்டேன், வரவில்லை.

ஆக்சிலியாவுக்கு ராத்தூக்கம் போயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வாய் திறப்பாளா மாட்டாளா, வேறு நினைப்பே இல்லை. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள்.

"மலரக்கா, அவளுக்கு அந்தக் களிம்போட ருசி புடிக்கலை. நானே உதட்டுக்குப் பூசறது செய்யறேன். கொஞ்சமா இனிப்பு சேத்துட்டா துடைக்க மாட்டா."

"இனிப்பா இருந்தா நக்குமே புள்ள. டாக்டரம்மா வேணாம்னு சொல்லலையா?"

"துடைக்காத அளவுக்கு இனிப்பு இருக்கோணும், நக்காத அளவுக்கு இருக்கோணும். அந்த அளவைக் கண்டுபுடிச்சாப் போதும்."

அப்படி ஓர் அளவு உலகத்தில் இருக்கிறதா என்று கேட்க நான் வாய் திறப்பதற்குள் அவள் தெருமுனையில் இருந்தாள்.

பென்னாகரம் பக்கம் தேனெடுப்பவர்களிடம் தேன்மெழுகு வாங்கி வந்தாள். கொதிக்கிற தண்ணீரில் கிண்ணத்தை வைத்து, மெழுகையும் தேங்காயெண்ணெயையும் உருக்கினாள். கூடவே வாங்கி வந்த மலைத்தேனையே இனிப்புக்கு ஊற்றினாள். மெழுகும் தேனும் ஒரே கூட்டிலிருந்து வந்தவை, சேர்ந்துகொள்ளும் என்று நினைத்தாள் பாவம். எண்ணெயோடு தேன் ஒட்டவேயில்லை. ஆறியதும் அடியில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டது. மேலே மெழுகு, கீழே தேன். காலையில் டப்பாவைச் சுற்றி எறும்பு, அனிஷாவின் தலையணையில் எறும்பு. பிள்ளை கத்திய கத்தலில் இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் முருகேஷ் காபியைக் கொட்டிக்கொண்டார்.

அடுத்தது சர்க்கரை. மிக்சியில் மாவாக அரைத்துப் போட்டாள். எண்ணெயில் சர்க்கரை கரையாது என்று அப்போதுதான் தெரிந்தது. உதட்டில் பூசினால் நறநறவென்று மணல். புண்ணான இடத்தில் மணல் உரசினால் எப்படி இருக்கும்? நாட்டுச்சர்க்கரை இன்னும் மோசம், உதட்டில் சேறு பூசிய மாதிரி நின்றது. வெல்லப்பாகு காய்ச்சி ஊற்றினாள், அது முத்து முத்தாகத் திரண்டு கிண்ணத்தில் உருண்டது.

முதலில் தன்மேல்தான் சோதித்தாள், அதைச் சொல்ல வேண்டும். மேலுதட்டில் ஒன்று, கீழுதட்டில் ஒன்று பூசிக்கொண்டு பண்ணையில் நாள் முழுக்க நடந்தாள். எது துடைக்கத் தோன்றுகிறது, எது நக்கத் தோன்றுகிறது என்று தனக்குள் கணக்கு. கூட வேலை செய்கிற கனிமொழி, "என்னக்கா, வாயைத் தொறக்காமயே திட்டறீங்க?" என்று கேட்டாளாம். சனிக்கிழமை வந்த இனிகோவையும் விடவில்லை. அவன் மீசை ஒட்டிக்கொண்டு, ஞாயிறு முழுக்க ஈ விரட்டினான்.

ஒருநாள் என்னிடமே வந்து நின்றாள். முருகேஷுக்குச் சுகர். அவர் காபியில் போட்டுக்கொள்கிற குட்டி இனிப்பு மாத்திரையில் நாலைந்து வேண்டுமாம். "அதையும் பொடி பண்ணிப் புள்ள வாயில பூசப் போறியா?" என்று சத்தம் போட்டேன். போட்டுவிட்டு எடுத்தும் கொடுத்தேன், அவளிடம் இல்லை என்று சொல்லி மீள முடியாது. முதலில் நல்ல தித்திப்பு, பின்னால் நாக்கில் ஒரு கசப்பு நின்றது. அனிஷா முகத்தைச் சுளித்தாள். பழையபடி தோளில் துடைத்தாள்.

அதற்குள் மே மாதம் பிறந்துவிட்டது. பிள்ளை பாடம் ஒப்பிப்பாள், பாட்டுப் படிப்பாள், வாய் திறக்கிற பேச்சு எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவாள். ஆக்சிலியா கிண்ணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள். அவளைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

கடைசியில் பண்ணையிலேயே கிடைத்தது. ஒரு மூலையில் சீனித்துளசி நாலு செடி நின்றதாம். இலையை மென்றால் சர்க்கரையைத் தூக்கிச் சாப்பிடுகிற இனிப்பு. நிழலில் காயவைத்து, அரைத்து, என்னிடம் மல் துணி வாங்கிச் சலித்து, பவுடர்போல ஆக்கினாள். மெழுகு உறையத் தொடங்குகிற நேரம் பார்த்து அதைத் தூவி, கை ஓயாமல் கிண்டினாள். அடியில் தங்கவில்லை, நறநறக்கவில்லை. லேசான பச்சை நிறம், மெதுவாக வருகிற இனிப்பு. நானும் பூசிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அனிஷா துடைக்கவில்லை. அவளாகவே டப்பாவைக் கேட்டு வாங்கினாள். ஆக்சிலியாவின் முகத்தில் அன்றைக்குப் பார்த்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டப்பா சீக்கிரமே காலியானது. அவள் அடுத்த டப்பா செய்தாள், அதுவும் காலி. பூசுவது பாதி, நக்குவது பாதி என்பது எனக்குத் தெரிந்தது. சொன்னேன். "வெடிப்பு மூடியிருக்குதுல்லக்கா?" என்றாள். மூடித்தான் இருந்தது, அந்தளவுக்கு வழித்து வழித்துப் பூசினாள். வளையம் மட்டும் கறுத்துக்கொண்டே போனது. "நான் வாய் திறக்கறேம்மா" என்று பிள்ளை சொல்லிவிட்டாள். அதற்குமேல் நான் என்ன பேச?

அந்த ஞாயிறு வந்தது. நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரும் மருந்தும் தவிர எதுவும் உள்ளே போகக் கூடாது, அது இவர்கள் முறை. ஆக்சிலியா விடிந்ததும் இரண்டு இட்லியை ஊட்டி, வாயைக் கொப்பளிக்க வைத்து, ஒரு மிட்டாய்கூடக் கண்ணில் படாமல் பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுவந்தாள். இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்தவள், வரிசை உள்ளே நுழைகிற நேரத்தில், போட்டோ எடுப்பவர் கேமராவைத் தூக்கவும், கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து மகளின் உதட்டில் கெட்டியாக ஒரு பூச்சு பூசிவிட்டாள். சும்மா இருக்க முடியாத கை. அது செய்தது என்னவென்று அவளுக்கும் தெரியவில்லை, பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியவில்லை.

பூசை நடந்தது. பாட்டு, பிரசங்கம், மறுபடியும் பாட்டு. நன்மை நேரம் வந்ததும் பிள்ளைகள் வரிசையாக முன்னால் போனார்கள், பெற்றோர் பின்னால் நின்றார்கள். ஒவ்வொரு பிள்ளையாக வாய் திறந்தது. அனிஷாவின் முறை வந்தது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள்.

ஃபாதர் குனிந்தார். அவர் கழுத்தில் மாட்டியிருந்த மைக் வேலை செய்துகொண்டிருந்தது, கோயில் முழுக்கக் கேட்டது.

"வாயைத் திற கண்ணு. வலிக்குதா?"

"வலிக்கலை ஃபாதர். நான் இனிப்பு சாப்பிட்டுட்டேன்."

"எப்போ?"

"இப்பதான், பாட்டுப் பாடறப்ப." உதட்டைத் தொட்டுக் காட்டினாள். "அம்மா பூசி வுட்டாங்க. நக்கிட்டேன்."

யாரோ சிரித்தார்கள். ஃபாதரும் சிரித்துக்கொண்டார். "அது மருந்துதானே? மருந்து பரவால்ல கண்ணு."

"இல்ல ஃபாதர். மருந்து வேற, அதை நான் தொடைச்சுப் போட்டுட்டேன். இது எனக்குப் புடிக்கோணும்னு அம்மா இனிப்பு போட்டு செஞ்சது."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஃபாதர் நிமிர்ந்து ஆக்சிலியாவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. மருந்துதானே?"

ஒரு 'ஆமாங்க' போதும். அத்தனை நாள் பாடுபட்டது அந்த நிமிஷத்துக்காகத்தான். சொல்லித் தொலையேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது. அனிஷா திரும்பி அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"மருந்துன்னுதான் ஆரம்பிச்சேனுங்க ஃபாதர்," என்றாள் ஆக்சிலியா. "இப்ப அது இனிப்புதானுங்க."

ஃபாதர் பிள்ளையின் தலையில் கை வைத்தார். "அப்படின்னா ஒரு மணி நேரம் இரு கண்ணு. நான் எங்கேயும் போகலை, உனக்குக் கொடுத்துட்டுத்தான் சாப்பிடப் போவேன்."

பூசை முடிந்து எல்லோரும் வெளியே போனார்கள். வெளியே கேக்கு, பலூன், போட்டோ. உள்ளே முதல் பெஞ்சில் நாங்கள் நாலு பேர். ஆக்சிலியா ஈரக் கைக்குட்டையால் மகளின் உதட்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டாள். மேலே ஃபேன் சுற்றியது, சன்னல் வழியாக மே மாதத்துக் காற்று அனலாக வந்தது. பிள்ளையின் உதடு எங்கள் கண்ணெதிரில் காய்ந்தது. நாக்கு நுனி வெளியே வரும், பாதியில் நிற்கும், உள்ளே போய்விடும். "தண்ணி குடிக்கலாம்" என்று இனிகோ பாட்டிலை நீட்டினான். குடித்தாள், உதட்டை மட்டும் தொடவில்லை. கீழுதட்டில் பழைய இடத்தில் கோடு விழுந்தது. ஆக்சிலியாவின் கை கைப்பைக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது. எழுந்தாள், உட்கார்ந்தாள். விரலை நெரித்தாள். எனக்கு ஃபாதர்மேல் கோபம், சட்டத்தின்மேல் கோபம், இந்தப் பிடிவாதக்காரப் பிள்ளைமேல் கோபம், யாரிடம் காட்டுவது?

"நக்காம இருக்கறா பாருங்கக்கா," என்றாள் ஆக்சிலியா என் காதருகில். சொல்லிவிட்டுச் சேலை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

ஃபாதர் வந்தார். பாட்டு இல்லை, கூட்டம் இல்லை. அனிஷா எழுந்து தனியாக நடந்துபோய் அவர் முன்னால் நின்று, வாயைத் திறந்தாள். அவ்வளவு அகலமாகத் திறக்க வேண்டியதே இல்லை. உதடு பிளந்தது, ஒரு சொட்டு ரத்தம் மோவாய்க்கு இறங்கியது. அவள் மூடவில்லை. அப்பத்தை நாக்கில் வாங்கிக்கொண்ட பிறகுதான் மூடினாள்.

திரும்பி வந்து மண்டியிட்டு வெகுநேரம் கண்ணை மூடியிருந்தாள். எழுந்ததும் ஆக்சிலியா அவள் மோவாயைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிச்சுதா கண்ணு?"

"வலிச்சுது." கொஞ்சம் யோசித்துவிட்டு அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னாள். "அதுல ஒரு ருசியும் இல்லம்மா. ஆனா துப்பணும்னு தோணவே இல்ல."