வாள் வகுப்பில் கால் பட்ட கதை

கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து, நானும் என் மனைவியும் வாராவாரம் மூங்கில் வாளால் அடித்துக்கொள்கிறோம். அதுவும் கட்டணம் கட்டி. படூரில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளக் கூடத்தில் சாமுராய் வாள்சண்டை வகுப்பு நடக்கிறது. திருப்போரூரில் மனை விற்கிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதவர் இல்லை. தொப்பை குறையத்தான் போனேன். தொப்பை குறையவில்லை, ரோஷம்தான் கூடியது.

காரணம், அவள் என்னைவிட ஒரு படி மேல். தேர்வில் அவள் தேறினாள், நான் தேறவில்லை. அங்கே படி வரிசைப்படிதான் உட்கார வேண்டும். அந்தக் காலத்தில் பிரபு, வீரன், காலாள் என்று வரிசை இருந்ததாம். அதைச் சொல்லிக்கொடுத்தபோது, புதுப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண்ணான இவள் என் காதில், "நீ காலாளு, தெரிஞ்சிக்கினியா?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு தடவை, முறைப்படி, அவள் தலைக்கவசத்தில் ஓர் அடி. அவ்வளவுதான் என் ஆசை.

சண்டை வெறுங்காலோடு. ஒரு ஞாயிறு காலை, பாய்ந்து வந்தவள் என் காலை மிதித்துவிட்டாள். உடனே வாளைத் தாழ்த்தி, குனிந்து, என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றப் போனாள். முகத்தில் கம்பி போட்ட கவசம் இருப்பதுகூட அவளுக்கு நினைவில்லை. இப்படிக் குனிகிற எதிரி எந்தச் சாமுராய்க்கும் வாய்த்திருக்க மாட்டான். நான் விடுவேனா? "மென்!" என்று கத்தி நடுமண்டையில் போட்டேன். மென் என்றால் தலை. அடிக்கிற இடத்தைச் சொல்லித்தான் அடிக்க வேண்டும்.

பயிற்சி தருபவர், ஜப்பானில் வேலை பார்த்துத் திரும்பிய இளம்பெண். எதிரி அசந்தால் அடிக்கலாம் என்பதால், அடி செல்லும் என்று கொடியைத் தூக்கினார். நான் கையை உயர்த்தி ஒரு குதி குதித்தேன். கொடி இறங்கிவிட்டது.

"பாயிண்ட் கேன்சல் சார். ஜெயிச்சதும் குதிச்சா அடி செல்லாது. தோத்தவங்கள அவமானப்படுத்துற மாதிரி."

"அடிச்சா செல்லும், சந்தோஷப்பட்டா செல்லாதா? இன்னா மேடம் நியாயம் இது?"

"சாமுராய் நியாயம் சார்."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. மத்தியானம் நெத்திலிக் குழம்பை ஊற்றியபடி அவள் சொன்னாள்: "அடிச்சதுகூட வலிக்கல. குனிஞ்சவள அடிச்சிட்டு குதிச்ச பாரு, அதான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த வாரமும் என் காலை மிதித்தாள். அவள் வாள் தாழ்ந்தது, கை கீழே போனது. இந்த முறை நான் அடிக்கவில்லை. கும்பிட்டு முடிக்கட்டும் என்று வாளை இறக்கி, பெரிய மனிதனாக நின்றேன்.

"மென்!"

காது ஙொய் என்றது. கொடி உயர்ந்தது. கம்பிகளுக்குப் பின்னால் அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வாளை நீட்டியபடி கல்லாக நின்றாள். உயர்ந்த கொடி உயர்ந்தபடியே இருந்தது.

முறைப்படி எதிரெதிரே மண்டியிட்டு வணங்கினோம். அவளுக்கு முன்னால் தரை தொடக் குனிய நான் கற்றுக்கொண்டது இந்த வகுப்பில்தான். அது எனக்குப் பிடித்தே இருக்கிறது.

திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தவள், கேளம்பாக்கம் தாண்டும்வரை அதே விறைப்போடு வந்தாள். பிறகு என் முதுகில் தலையை முட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"வேணும்னேதானே மிதிச்ச?" என்றேன்.

திருப்போரூர் வரை வண்டி குலுங்கிக்கொண்டே வந்தது.